முதலில் கார்னரைத் தேடுங்கள்

ஆலங்குடி வட்டத்திலிருந்து ஒரு கபடி அணித் தலைவர் கேட்கிறார்: "எங்கள் ஊரில் நன்றாக ரைடு போகிற பையன்கள் ஐந்து பேர் இருக்கிறார்கள். பொங்கலில் ஆரம்பித்து ஆடி வரைக்கும் ஒரு மின்னொளிப் போட்டி விடாமல் போகிறோம். கால் இறுதி வரை வந்துவிடுகிறோம், அதற்கு மேல் ஏற முடியவில்லை. வெளியூரிலிருந்து இன்னொரு நல்ல ரைடரைக் காசு கொடுத்து இறக்கலாமா?"

வேண்டாம். அந்தக் காசுக்கு, ஓரத்தில் நின்று ரைடரைப் பிடிக்கிற ஒரு கார்னர் கிடைத்தால் கூட்டி வாருங்கள். அதையும்விட நல்லது, உங்கள் ஊரிலேயே அந்தக் கார்னர் ஒளிந்திருக்கிறானா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் இருப்பான். யாரும் அவனைக் கவனித்திருக்க மாட்டார்கள், அவ்வளவுதான்.

ரைடர்மேல் நமக்குள்ள மயக்கம் புரிகிறது. கூட்டம் கைதட்டுவது அவனுக்கு, மைக்கில் பெயர் வருவது அவனுக்கு, சிறந்த ஆட்டக்காரர் கோப்பையும் பெரும்பாலும் அவனுக்கே போகிறது. ஆனால் விதியைக் கொஞ்சம் உட்கார்ந்து யோசித்துப் பாருங்கள். அவுட்டானவர்கள் எந்த வரிசையில் வெளியே போனார்களோ அதே வரிசையில்தான் உள்ளே வர முடியும். உங்கள் முதல் ரைடர் மூன்றாவது ஆளாக வெளியே போயிருந்தால், அணி மூன்று புள்ளி எடுத்த பிறகுதான் அவன் எழுந்து வருவான். அதிலும் போனஸ் புள்ளி ஆளை எழுப்பாது. எதிரணி ஆளைத் தொட்டு எடுக்க வேண்டும், அல்லது வருகிறவனைப் பிடிக்க வேண்டும். களத்தில் மீதி நிற்பவர்களும் ரைடர்களாகவே இருந்து, அவர்களும் ஒவ்வொருவராக மாட்டிக்கொண்டால் யார் பிடிப்பது? கால் இறுதிக்கு மேல் வருகிற எதிரணிகளுக்கு இது தெரியும். உங்கள் முதல் ரைடரை ஒரு முறை மடக்கிவிட்டு, அவன் உட்கார்ந்திருக்கும் நேரத்திலேயே ஆட்டத்தை முடித்துவிடுவார்கள்.

இந்த நிலைமை ஊர் அணிக்கு மட்டும் வந்ததில்லை. ஆசிய விளையாட்டுப் போட்டியில் கபடி சேர்க்கப்பட்ட 1990இல் இருந்து 2014 வரை ஏழு முறையும் ஆண்கள் தங்கம் இந்தியாவுக்குத்தான். 2018இல் ஜகார்த்தாவுக்குப் போன பன்னிரண்டு பேரில் அஜய் தாக்கூர், பர்தீப் நர்வால், ராகுல் சௌத்ரி, மோனு கோயத், ரிஷாங்க் தேவடிகா, ரோகித் குமார் என்று ரைடர்களே ஆறு பேர். ஒவ்வொருவரும் தனியாக ஒரு ஆட்டத்தை வென்று தரக்கூடியவர்கள். லீக் சுற்றில் தென் கொரியாவிடம் ஒரு புள்ளியில் தோற்றார்கள். அரையிறுதியில் ஈரான் 27–18 என்று வீட்டுக்கு அனுப்பியது. ஈரானின் பலம் எங்கே இருந்தது? லெஃப்ட் கார்னரில் நின்ற ஃபாசல் அத்ராச்சலியிடமும், அவரைச் சுற்றிப் பின்னப்பட்ட பிடியிலும். நம் தேர்வாளர்கள் பெயர்களைச் சேர்த்தார்கள், ஈரான்காரர்கள் வேலைகளைச் சேர்த்தார்கள் என்பதுதான் என் கருத்து. ஐந்து ஆண்டு கழித்து ஹாங்சோவில் இந்தியா தங்கத்தைத் திரும்ப வாங்கியபோது பட்டியலே வேறு மாதிரி இருந்தது. விஷால் பரத்வாஜ், சுர்ஜீத் சிங், நிதேஷ் குமார், சுனில் குமார், பர்வேஷ் பைன்ஸ்வால் என்று பிடிக்கிறவர்களே ஐந்து பேர். கடைசி இருவரும் 2017இல் புரோ கபடியின் குஜராத் அணியில் சேர்ந்த நாளிலிருந்து இரண்டு கவரிலும் பக்கத்துப் பக்கத்தில் நின்று பழகியவர்கள்.

ஆளைத் தேர்வு செய்வதும் ஆட்டத்தைத் தேர்வு செய்வதும் ஒரே முடிவு என்பதற்கு நான் பையன்களிடம் சொல்லுகிற இன்னொரு உதாரணம் ரக்பியிலிருந்து. நம் பக்கம் ரக்பி பார்க்கிறவர்கள் குறைவு. 2025இல் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கில் சென்னை புல்ஸ் கோப்பை வென்றதுகூடப் பலருக்குத் தெரியாது. ரக்பியும் கபடி மாதிரி உடம்பைக் கொடுத்து ஆடுகிற, ஓடுகிறவனை மடக்கிப் போடுகிற ஆட்டம்தான். உலகக் கோப்பை ரக்பியில் களத்தில் பதினைந்து பேர், வெளியே மாற்று ஆட்கள் எட்டுப் பேர். அந்த எட்டில் முட்டி மோதுகிற கனமான ஆட்கள் ஐந்து, ஓடுகிறவர்கள் மூன்று என்று வைப்பதுதான் வழக்கம். 2023 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் தென் ஆப்பிரிக்கா ஏழு கனமான ஆட்களையும் ஒரே ஒரு ஓட்டக்காரரையும் வைத்தது. ஓடுகிறவர்களில் இரண்டு பேருக்கு அடிபட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். தெரிந்தேதான் வைத்தார்கள். களைத்துப் போன நேரத்தில் புது உடம்புகளை இறக்கி எதிரியை நெரிப்பதுதான் அவர்கள் ஆட்டம். இடைவேளையில் 12–6. அதன் பிறகு அவர்கள் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை, எடுத்ததைக் காத்தார்கள். 12–11 என்று நியூசிலாந்தை வென்றார்கள். அந்தப் பன்னிரண்டு புள்ளியையும் உதைத்து எடுத்த ஹாண்ட்ரே போலார்ட் முதலில் அறிவித்த அணியிலேயே இல்லை. முன்வரிசை ஆட்டக்காரர் மால்கம் மார்க்ஸுக்கு அடிபட்டபோது, அவருக்குப் பதிலாக இன்னொரு முன்வரிசை ஆளைக் கூப்பிடாமல், உதைப்பதற்கென்று இவரைக் கூப்பிட்டார்கள். அணியில் எந்த வேலைக்கு ஆள் குறைகிறது என்று பார்த்து எடுத்த முடிவு அது.

உங்கள் அணிக்கு வருவோம். பட்டியல் எழுதும் முன்பு, இருக்கிற உடம்புகளை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். உயரமும் கனமும் உள்ள பையன்கள் நான்கு பேர் இருந்தால், முன்னேறி ஆடுகிற பிடி உங்களுக்குப் பொருந்தும். கைகோத்து நிற்கிற செயின், ரைடர் ஓரம் ஒதுங்கும்போது மார்பில் அடித்து வெளியே தள்ளுகிற டேஷ், திரும்பும் வழியை மறிக்கிற பிளாக் ஆகியவை அவர்களுக்கு வரும். குள்ளமும் வேகமுமான பையன்கள்தான் இருக்கிறார்கள் என்றால் அந்த ஆட்டத்தைத் தொடவே தொடாதீர்கள். ஆழத்தில் காத்திருங்கள், ரைடரை உள்ளே வரவிடுங்கள், போனஸுக்கு அவன் காலை நீட்டும் நேரத்தில் கால்பிடி, தொடைப்பிடி. இரண்டையும் கலந்து ஆடுகிற அணிதான் அதிகம் தோற்கிறது. ஒருவன் முன்னே போகிறான், பக்கத்தில் நிற்பவன் பின்னே போகிறான், நடுவில் ஒரு வாசல் திறக்கிறது. ஆண்கள் ஆடுகளத்தில் இரு ஓரத்து லாபி திறப்பதற்கு முன் அகலம் எட்டு மீட்டர்தான். அதற்குள் ஒரு அடி இடைவெளி விழுந்தாலும் நல்ல ரைடருக்கு அது ராஜபாட்டை.

ரைடிலும் அப்படித்தான். ஐந்து ரைடர் இருக்கிறார்கள் என்கிறீர்கள். ஐந்து பேரும் ஒரே பக்கம் போகிறவர்களா? ஐந்து பேரும் கையால் தொடுகிறவர்களா? அப்படியென்றால் உங்களிடம் இருப்பது ஒரே ரைடர், ஐந்து உடம்பில். எனக்கு மூன்று பேர் போதும். ஒருவன் எதிரணியில் ஆறு ஏழு பேர் நிற்கும்போது போனஸ் எடுத்துத் திரும்புகிறவன். ஒருவன் வேறு பக்கம் போகிறவன், காலை வீசித் தொடுகிறவன். மூன்றாமவன் டூ ஆர் டை ரைடுக்கு. இரண்டு ரைடு வெறுமையாகப் போய் மூன்றாவதில் புள்ளி எடுத்தே ஆகவேண்டிய நேரத்தில், முப்பது விநாடியும் படபடக்காமல் நிற்கிறவன். அவன் உங்கள் ஊரிலேயே வேகமான பையனாக இருக்க வேண்டும் என்பதில்லை.

இனி அந்தக் கார்னர். சோதனை ஆட்டம் என்று ஏழுக்கு ஏழு விட்டு, யார் அதிகப் புள்ளி எடுத்தான் என்று பார்த்து எடுக்காதீர்கள். அதில் ரைடர்தான் தெரிவான். மூன்று பேரை மட்டும் களத்தில் நிறுத்தி, ஒவ்வொரு ரைடராக உள்ளே அனுப்புங்கள். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ இருந்து பிடித்தால் சூப்பர் டாக்கிள், கூடுதலாக ஒரு புள்ளி. அந்த நிலையில் யார் என்ன செய்கிறான் என்பதைப் பாருங்கள். ரைடரைப் பார்க்காதீர்கள், பிடிக்கிறவனின் காலைப் பாருங்கள்.

அறந்தாங்கிப் பக்கம் ஒரு சோதனை ஆட்டத்தில் பார்த்தது. லெஃப்ட் கார்னரில் ஊரே கொண்டாடுகிற ஒரு ரைடர் பையன். எதிரே வந்தவன் போனஸ் கோட்டில் கால் வைத்துத் திரும்புகிறான். இந்தப் பையனின் பார்வை அந்தக் காலில் இல்லை, நடுக்கோட்டில் இருக்கிறது. அடுத்த ரைடு தனக்கு என்ற நினைப்பு. குதிகால் தரையில், இடுப்பு நிமிர்ந்திருக்கிறது. அவனுக்கு இரண்டடி தள்ளி கவரில் நின்ற இன்னொரு பையன், பெயர்கூட யாருக்கும் சரியாகத் தெரியாதவன், முன்பாதத்தில் நின்றான். கை முழங்காலுக்குக் கீழே தொங்கியது. ரைடர் திரும்பிய அந்த நொடியில் இவன் தன் இடத்தை விட்டுக் குறுக்கே விழுந்து கணுக்காலைப் பிடித்தான். பிடி நழுவியது, ஆள் தப்பிவிட்டான். கூட நின்றவர்கள் "ஏண்டா அவசரப்பட்டே" என்று திட்டினார்கள். நான் என் நோட்டில் அவன் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன். பிடி நழுவினால் பழக்கிக்கொள்ளலாம். விழவேண்டிய நொடி அவனுக்குத் தானாகவே தெரிந்திருந்தது.

ஒருவன் பிடித்தால் அது பாதிப் பிடி. இரண்டாவது ஆள் எவ்வளவு சீக்கிரம் மேலே விழுகிறான் என்பதில்தான் மீதி இருக்கிறது. அதனால் ஆட்களைத் தனித்தனியாக எடுக்காமல் சோடியாக எடுங்கள். கார்னரும் பக்கத்துக் கவரும் ஒரு சோடி. பங்காளிகளையே சேர்த்துக்கொள்கிறார்கள் என்று ஊர் அணிகளைக் குறை சொல்வார்கள். தகுதியில்லாதவனைச் சேர்த்தால் குறைதான். ஆனால் சின்ன வயதிலிருந்து ஒரே களத்தில் உருண்ட அண்ணன் தம்பிக்குப் பேச்சே வேண்டியதில்லை. அண்ணன் தோள் சாய்வதைப் பார்த்தே தம்பி கிளம்பிவிடுவான். அந்தப் பழக்கத்தைக் காசு கொடுத்து வாங்க முடியாது. வெளியூர் ஆளைச் சேர்த்தால் போட்டிக்குக் காலையில் வரச் சொல்லாதீர்கள், இரண்டு வாரம் முன்பே வந்து பழகச் சொல்லுங்கள்.

ஒரு மூத்த ஆட்டக்காரருக்கு இடம் வையுங்கள். தஞ்சாவூர்ப் பக்கத்து தர்மராஜ் சேரலாதன் நாற்பது வயதைத் தாண்டி 2016 கபடி உலகக் கோப்பை வென்ற இந்திய அணியில் இருந்தார். அதே ஆண்டு பாட்னா அணிக்குத் தலைவராக இருந்து புரோ கபடி கோப்பையும் வாங்கினார். ஸ்கோரைப் பார்த்து "இப்போது போகாதே, நில்" என்று சொல்கிற குரல் ஒன்று களத்துக்குள்ளேயே வேண்டும். ஓரத்திலிருந்து நீங்கள் கத்துவது கூட்டத்தில் கேட்காது.

எடையைப் பற்றி கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். சாயங்காலம் நான்கு மணிக்குப் பந்தலில் எடை மெஷின். 65 கிலோ பிரிவு. 68 கிலோ பையன் முந்தின நாள் ராத்திரியிலிருந்து சாப்பிடவில்லை, தண்ணீரையும் நிறுத்திவிட்டான், வெயிலில் ஜெர்கின் போட்டுக்கொண்டு கண்மாய்க் கரையில் ஓடியிருக்கிறான். மெஷினில் ஏறும்போது உதடு வெடித்திருக்கிறது. ஏற்பாட்டாளர் சரி என்று கையில் முத்திரை குத்துகிறார். உங்கள் ஆட்டம் வருவது நடு இரவுக்குப் பிறகு. மூன்றாவது ரவுண்டில் அவன் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டு லாபியில் விழுகிறான். இப்படி விழுந்த பையன்களை நான் தோளில் தூக்கிப் போயிருக்கிறேன். அந்த இடத்துக்கு இயல்பாக 63 கிலோ உள்ள பையனை எடுங்கள். கொஞ்சம் திறமை குறைந்தவனாக இருந்தாலும் விடிகாலை நான்கு மணிக்கு நிற்கிறவன் அவன்தான். சிறுநீரகத்தைப் பணயம் வைத்து வாங்குகிற கோப்பை எந்த ஊருக்கும் வேண்டாம்.

முதலமைச்சர் கோப்பை போன்ற மாவட்டப் போட்டிக்கு ஆசைப்படுகிறீர்கள் என்றால், செம்மண்ணில் வெறுங்காலோடு பழகிய பையன்களை ஒரு மாதம் முன்பே ஷூவோடு மேட்டில் ஆடவிடுங்கள். மண் வழுக்கி விடும், மேட் காலைப் பிடித்து நிறுத்தும். மண்ணில் திரும்புகிற மாதிரியே திரும்பினால் முழங்கால் போய்விடும்.

பெண்கள் அணி வைத்திருக்கிறவர்களும் எழுதிக் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஆடுகளம் லாபியையும் சேர்த்தே 12க்கு 8 மீட்டர், இடம் சிறியது. தப்பி ஓட இடம் குறைவு என்பதால் நல்ல செயின் அங்கே இன்னும் அதிகம் பலன் தரும். 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற பெண்கள் அணியில் சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவும், தங்கம் வென்ற ஆண்கள் அணியில் வடுவூர் அபினேஷும் இருந்தார்கள். வடுவூர் நமக்கு எட்டாத தூரமில்லை. அந்தப் பெயர்களைச் சொல்லி வீட்டில் அனுமதி கேளுங்கள், கொடுப்பார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பன்னிரண்டு பேர் பட்டியலைப் பிளெக்ஸில் அடிப்பதற்கு முன்பு, வாட்ஸ்அப் குழுவில் போடுவதற்கு முன்பு, இடம் கிடைக்காத பையனின் வீட்டுக்கு நீங்களே போங்கள். ஏன் எடுக்கவில்லை, எதைப் பழகினால் அடுத்த முறை எடுப்பீர்கள் என்று அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வாருங்கள்.