கிழமைக்கு ஒரு பாடம்: கடைக்காரருக்கு ஒரு கமராப் பயிற்சி

புதிய சரக்கு வந்து இறங்கினால் முன்பெல்லாம் அதைக் கடை வாசலில் தொங்கவிடுவோம். இன்று முதல் வேலையாகக் கைத்தொலைபேசியை எடுத்து ஒரு படம் பிடித்து வட்ஸ்அப்பில் போடுகிறோம். வாடிக்கையாளர் துணியைத் தொட்டுப் பார்ப்பதில்லை, ஏலத்தை முகர்ந்து பார்ப்பதில்லை. படம் சொல்வதை நம்பிப் பணத்தை அனுப்பிவிடுகிறார். அப்படியிருந்தும் கணக்கெழுதவும் சரக்கு நிறுக்கவும் பழகிக்கொண்ட நாம், படம் எடுக்க மட்டும் பழகவில்லை. பழகாமல் விட்டதற்கு என்ன விலை கொடுக்க நேரும் என்பதை எனது மச்சானின் புடைவைக் கடையில் கண்டேன்.

கல்யாண வீடொன்றுக்கு ஒரே நிறத்தில் 22 சல்வார் துணிகள் கேட்டிருந்தார்கள். படத்தை எடுத்துக் கொடுத்தவன் நான்தான். இஷாவுக்குப் பிறகு, டியூப் லைட் வெளிச்சத்தில், கடை பூட்டும் அவசரத்தில் எடுத்தது. துணி, பச்சை கலந்த மயில் கழுத்து நிறம். படத்தில் அது சுத்த நீலமாக விழுந்திருந்தது. நானும் கவனிக்கவில்லை, மச்சானும் கவனிக்கவில்லை. பொதி போய்ச் சேர்ந்த அன்றே தொலைபேசி வந்தது. "நானா, நாங்க பார்த்து எடுத்த நிறம் இது இல்லையே. எல்லாருக்கும் நீலம் எண்டுதானே சொல்லி வச்சிருக்கோம்." 22 துணிகளும் திரும்பி வந்தன. போன செலவும் வந்த செலவும் எங்கள் தலையில். அந்தக் குடும்பம் அதன் பிறகு எங்களிடம் ஒரு கைக்குட்டைகூட வாங்கவில்லை. இத்தனைக்கும் துணியில் ஒரு பிழையும் இல்லை.

படப்பிடிப்புக் கலைஞர்களிடம் ஒரு பயிற்சி முறை உண்டு. வருடத்தின் 52 கிழமைகளுக்கும் கிழமைக்கொரு தலைப்பு வைத்துக்கொள்வார்கள். இந்தக் கிழமை "நிழல்" என்றால் ஏழு நாளும் நிழலைத்தான் தேடி எடுப்பார்கள், அடுத்த கிழமை "சிவப்பு" என்பார்கள். கடை வைத்திருப்பவருக்கு 52 தேவையில்லை. ஏழெட்டு கிழமைகள் ஒழுங்காகச் செய்தாலே போதும். ஆனால் ஒரு நிபந்தனை: ஒரு கிழமையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். பொருள், மேசை, தூரம் எல்லாம் அப்படியே இருக்க வெளிச்சத்தை மட்டும் மாற்றிப் பார்த்தால்தான் வெளிச்சம் என்ன செய்கிறது என்று விளங்கும். எல்லாவற்றையும் ஒரேயடியாக மாற்றினால் நல்ல படம் ஒன்று அதிர்ஷ்டத்தில் கிடைக்கலாம், மறுநாள் அதைத் திரும்ப எடுக்க வராது.

இது சின்னப்பிள்ளை விளையாட்டு என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. எட்வர்ட் வெஸ்டன் என்ற அமெரிக்கக் கலைஞர் 1930 ஆகஸ்டில் குடைமிளகாய்களை வைத்துக்கொண்டு சில நாட்களுக்குள் குறைந்தது 30 தடவைகள் படம் எடுத்தார். அவற்றில் ஒன்றை ஒரு தகரப் புனலுக்குள் வைத்தார். வெளிச்சம் புனலின் சுவரில் பட்டுச் சுற்றிவர மென்மையாக விழுந்தது. "மிளகாய் இலக்கம் 30" என்ற பெயரில் அந்தப் படம் இன்று உலகப் புகழ் பெற்றது. சந்தையில் சில்லறைக் காசுக்கு வாங்கும் ஒரு மரக்கறி! எங்கள் சரக்குக்கு நாம் 30 தடவை வேண்டாம், மூன்று தடவையாவது முயன்றிருக்கிறோமா?

முதற் கிழமை ஜன்னல்

கடையில் விற்கும் ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியின் கமராக் கண்ணாடியைத் துணியால் துடையுங்கள். மங்கலான படங்களில் பாதிக்குக் கை அழுக்குத்தான் காரணம் என்பேன். பிளாஷை அணைத்துவிடுங்கள். பொருளை ஜன்னலுக்குப் பக்கத்தில், வெளிச்சம் ஒரு பக்கத்தால் விழும்படி வையுங்கள். காலை 8 மணிக்கு ஒன்று, லுஹர் நேரத்தில் ஒன்று, அஸருக்குப் பிறகு ஒன்று என்று தினமும் மூன்று படங்கள். உங்கள் கடையில் எந்த மணிக்கு வெளிச்சம் நல்லது என்பதைப் புத்தகம் சொல்லாது, இந்த ஏழு நாட்கள் சொல்லும். நேர் வெயில் விழுந்தால் ஜன்னலில் மெல்லிய வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டிவிடுங்கள். மறுபக்கம் இருட்டாகத் தெரிந்தால் அங்கே வெள்ளை பிரிஸ்டல் போட் ஒன்றையோ ரெஜிபோம் துண்டொன்றையோ நிறுத்துங்கள். ஸ்டூடியோக்காரர் பெரிய விளக்கும் குடையும் வைத்துச் செய்வதன் சாரம் இவ்வளவுதான்.

இரண்டாம் கிழமை வெள்ளையும் கறுப்பும்

வெள்ளை ஜுப்பா ஒன்றும் கறுப்பு அபாயா ஒன்றும் எடுங்கள். திரை நிறைய ஜுப்பாவைப் பிடித்தால் அது சாம்பலாகத் தெரியும், அபாயாவைப் பிடித்தால் அதுவும் வெளிறிச் சாம்பலாகிவிடும். தொலைபேசி பழுதில்லை. தனக்கு முன்னால் உள்ளது நடுத்தர வெளிச்சம் கொண்டது என்று எடுத்துக்கொள்வதே கமராவின் சுபாவம். வெள்ளையைக் கண்டால் "வெளிச்சம் கூடிப்போயிற்று" என்று குறைக்கும், கறுப்பைக் கண்டால் கூட்டும். எனவே அதற்கு எதிராக நாம் வேலை செய்ய வேண்டும். திரையில் பொருளின் மீது விரலால் தட்டினால் பெரும்பாலான தொலைபேசிகளில் சூரியன் போன்ற ஒரு குறி தோன்றும். வெள்ளைக்கு அதை மேலே தள்ளுங்கள், கறுப்புக்குக் கீழே இறக்குங்கள். வெள்ளையில் நூல் வரிகள் அழியும் அளவுக்குத் தள்ளிவிடக் கூடாது. அது ஒரு கைப்பழக்கம், கிழமை முடிவதற்குள் வந்துவிடும்.

மூன்றாம் கிழமை நிறம்

எங்களை விழுத்தியது இதுதான். ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மஞ்சள் பல்பின் வெளிச்சம் சுமார் 2,700 முதல் 3,000 கெல்வின், பகல் வெளிச்சம் சுமார் 5,500 கெல்வின். எமது கண் இந்த வித்தியாசத்தைத் தானாகச் சரிசெய்துவிடும். கமராவும் சரிசெய்யப் பார்க்கும், ஆனால் ஒரு பக்கம் ஜன்னல், மறுபக்கம் டியூப் லைட் என்று இரண்டு வெளிச்சம் கலந்தால் எதை நம்புவது என்று அதற்குத் தெரியாது. திரை முழுவதும் ஒரே நிறத் துணியாக இருந்தாலும் ஏமாந்துபோகும். எனவே கடை விளக்குகளை அணைத்து ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் எடுங்கள். துணிக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை வையுங்கள், படத்தில் தாள் வெள்ளையாக வந்தால் துணியும் அநேகமாகச் சரியாக வரும். வசதியுள்ள தொலைபேசிகளில் "புரோ" என்ற பகுதிக்குள் போய் நிறச் சமநிலையைக் கையாலேயே நிறுத்தலாம். நிறத்தைத் தூக்கலாகக் காட்டும் தானியங்கி அழகூட்டல்களை அணைத்துவிடுங்கள். பிறகு துணியையும் தொலைபேசியையும் கடை வாசலுக்குக் கொண்டுபோய் இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். அன்று இந்தக் கடைசி வேலையை மட்டும் செய்திருந்தாலே 22 துணிகளும் திரும்பியிராது.

வாங்குபவரின் திரை உங்கள் திரை போல இருக்காது என்பதையும் மறக்கக் கூடாது. அதனால் படத்துக்குக் கீழே நிறத்தை வாயாலும் சொல்லுங்கள். "நீலம்" என்றால் போதாது. "மயில் கழுத்து, பச்சை சற்றுக் கூட" என்று எழுதுங்கள்.

நான்காம் கிழமை பக்க வெளிச்சம். முன்னாலிருந்து விழும் வெளிச்சம் எதையும் தட்டையாக்கிவிடும். வெளிச்சத்தைப் பக்கவாட்டில் தாழ்வாக விழ வைத்தால் கைத்தறியின் இழையும் அபாயாவின் எம்பிராய்டரி வேலையும் எழும்பித் தெரியும். கறுவா, கராம்பு, சாதிக்காய் விற்பவர்கள் இந்தக் கிழமையை விட்டுவிடக் கூடாது. காய்ந்த கராம்பின் மொட்டும் கறுவாச் சுருளும் பக்க வெளிச்சத்தில்தான் தம் தரத்தைக் காட்டும்.

கல் வியாபாரிகளுக்கு இதற்கு நேர்மாறான பாடம் ஒன்று உண்டு. பட்டை தீட்டிய நீலக்கல்லுக்கு ஜன்னலின் மென்மையான வெளிச்சம் நல்லது. ஆனால் நட்சத்திரக் கல்லையும் வைடூரியத்தையும் அந்த வெளிச்சத்தில் எடுத்தால் நட்சத்திரமும் தெரியாது, பூனைக்கண் கோடும் தெரியாது. அவற்றுக்கு ஒற்றைப் புள்ளியிலிருந்து வரும் வெளிச்சம் வேண்டும். மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு மேலிருந்து ஒரு சிறு டோர்ச்சை மட்டும் பிடியுங்கள். அலெக்சாண்ட்ரைட் என்றால் ஒரு படம் போதவே போதாது. பகல் வெளிச்சத்தில் பச்சையும் மஞ்சள் பல்பில் சிவப்புமாக மாறுவதுதானே அதன் விலை. இரண்டு வெளிச்சத்திலும் இரண்டு படங்கள் எடுத்து, எது எந்த வெளிச்சம் என்றும் எழுத வேண்டும். பேருவளை சீனன்கோட்டைச் சந்தையில் கல்லைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்ப்பவருக்கு இதெல்லாம் சொல்லத் தேவையில்லை. தூரத்தில் இருந்து வாங்குபவருக்கு அந்தத் திருப்பலை நாம்தான் செய்து காட்ட வேண்டும்.

ஐந்தாம் கிழமை தூரமும் அளவும். தொலைபேசியைப் பொருளுக்கு மிக அருகில் கொண்டுபோனால் முன்பக்கம் வீங்கிப் பின்பக்கம் சிறுத்துவிடும். பானை, கேத்தல், சப்பாத்து விற்பவர்களின் படங்களில் இதைத் தினமும் காண்கிறேன். இரண்டடி பின்னால் போய், உங்கள் தொலைபேசியில் இரு மடங்குக் கமரா இருந்தால் அதனால் எடுங்கள். இல்லாவிட்டால் எடுத்தபின் ஓரத்தை வெட்டிக்கொள்ளலாம். அளவு தெரிய அடிமட்டம் ஒன்றையோ ஒரு கையையோ பக்கத்தில் வையுங்கள்.

ஆறாம் கிழமையைத்தான் பலர் விரும்பமாட்டார்கள். அந்தக் கிழமைக்குத் தலைப்பு "குறை". இழுபட்ட நூல், கோணிய தையல், பெட்டியில் நசுங்கிய மூலை, கல்லின் உள்ளே உள்ள கீறல், இவற்றைத் தேடித் தெளிவாகப் படம் எடுக்கப் பழகுங்கள். சரக்கின் குறையை மறைத்து விற்பது ஆகாது என்பது எமது வர்த்தகர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டிய விடயமல்ல. ஆனால் படம் எடுக்கும்போது நல்ல பக்கத்தை மட்டும் திருப்பி வைப்பதும் அதே மறைப்புத்தான் என்பதை நாம் யோசிப்பதில்லை. விலை குறைத்துப் போடும் சரக்குக்குக் குறையின் படத்தையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள். "வேறேதும் இருக்கா நானா?" என்ற கேள்விகள் குறைந்துவிடும்.

ஏழாம் கிழமை, முதற் கிழமையில் எடுத்த அதே பொருளை மறுபடி எடுங்கள். இரண்டு படங்களையும் கடைக்குச் சம்பந்தமில்லாத ஒருவரிடம் காட்டி "எந்த நிறம், எவ்வளவு பெரிது, என்ன விலை சொல்லலாம்?" என்று கேளுங்கள். உம்மாவிடம் கேட்டால் இரண்டும் நல்லது என்பார், ஆகவே வேறு யாரையாவது பாருங்கள். படத்தை அனுப்பும்போது வட்ஸ்அப்பில் உயர்தரம் என்ற தெரிவை அழுத்த மறக்காதீர்கள். இல்லாவிட்டால் பாடுபட்டு எடுத்த நூல் வரிகளெல்லாம் வழியிலேயே சுருங்கிப் போகும்.

மச்சானின் கடையில் அந்த மயில் கழுத்துத் துணியில் இன்னும் 6 மீற்றர் மிஞ்சிக் கிடக்கிறது. புதிதாக வேலைக்கு வரும் பொடியன்களுக்கு முதல் நாள் அதைத்தான் கொடுக்கிறோம். வாசலில் வைத்துப் பார்க்கும்போது படமும் துணியும் ஒரே நிறமாக வரும்வரை வேறு எதையும் படம் எடுக்க விடுவதில்லை. போன மாதம் வந்த பிள்ளைக்கு நான்கு நாள் பிடித்தது.