காலபோக விதைப்புக்கு முன்

சோளகம் அடிக்கிறது. 2025 மார்ச்சில் எழுதிய சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறு யூலையில் வந்தது, அதன் சூடு இன்னும் ஆறவில்லை. பாடசாலை மதில்களில் ஒன்பது ஏ எடுத்த பிள்ளைகளின் படங்கள் காற்றில் படபடக்கின்றன. அவர்களுக்கு என் வாழ்த்துகள். அவர்களுக்கு வழி சொல்ல ஆட்கள் நிறைய உண்டு. இந்தக் குறிப்பை மற்றப் பிள்ளையின் வீட்டுக்கு எழுதுகிறேன்: கணக்கில் டபிள்யூ, தமிழில் எஸ், மற்றவற்றில் அங்குமிங்கும் ஒரு சி. பெறுபேறு பார்த்த நாளிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வீட்டுக்கு வருகிற பிள்ளை.

முதலில் ஒரு கணக்குப் பார்ப்போம். இன்றிலிருந்து புரட்டாதி முடிய ஏறக்குறைய பத்துக் கிழமை இருக்கிறது. ஐப்பசி மழையோடு காலபோக விதைப்பு. அதன் பிறகு வன்னியில் ஒருவருக்கும் நேரம் இருக்காது. பையன் உழவு மெசினுக்கு உதவிக்குப் போவான். தை, மாசியில் வெட்டு மெசினோடு வயல் வயலாய்த் திரிவான். அறுவடை முடிய மேசனுக்குக் கையாள். கையில் காசு புழங்கும், லீசிங்கில் மோட்டார் சைக்கிள் வரும், தவணைக் காசுக்காக நாளைக்கும் வேலைக்குப் போயே ஆகவேண்டும். நான் பார்த்தவரையில், பரீட்சையில் விட்டதால் கெட்ட பிள்ளைகள் குறைவு. முதல் நாட்கூலிதான் பலரைப் பயிற்சியின் பக்கம் திரும்பவிடாமல் பிடித்து வைத்திருக்கிறது. ஆகவே தீர்மானத்தை விதைப்புக்கு முன் எடுங்கள்.

முத்தையன்கட்டுப் பக்கம் ஒரு கச்சான் தோட்டத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். நீர்ப்பம்பி நின்றுவிட்டது. தோட்டக்காரர் கயிற்றை இழுத்து இழுத்துக் களைத்துப்போய் வரம்பில் குந்திவிட்டார். பக்கத்து வீட்டுப் பையன் வந்தான். கயிற்றை ஒரு தரம் மெதுவாக இழுத்து, தலையைச் சரித்துக் கேட்டான். பிளக்கைக் கழற்றி, கரியைச் சாரத்தின் நுனியால் துடைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான். பிறகு கார்பரேட்டரின் கீழ்க் கிண்ணத்தைக் கழற்றி, அடியில் படிந்திருந்த ஊத்தையை ஊதினான். இரண்டாம் இழுப்பில் பம்பி பிடித்தது. பின்னால் நின்ற தாய் என்னிடம் சொன்னார்: "இவனுக்குப் படிப்பு ஏறாது சேர், மொக்கு."

தாய்மாரே, அந்தச் சொல்லை இன்றோடு விடுங்கள். என்ன பிழை என்று ஊகித்து, ஒவ்வொன்றாய்ச் சோதித்து, காரணத்தைப் பிடித்தான் பிள்ளை. விஞ்ஞான பாடம் சொல்லிக்கொடுக்க நினைப்பதும் அதைத்தான்.

இனிச் செய்யவேண்டியவை. பதினாறு வயது நிரம்பாத பிள்ளையைப் படிப்பிலிருந்து மறிக்க வேண்டாம், அதுவரை கல்வி கட்டாயம் என்பது சட்டம். பாடசாலையிலேயே இன்னொரு கதவும் இருக்கிறது. 2017இல் தொடங்கிய பதின்மூன்று வருட உத்தரவாதக் கல்வியின் கீழ், சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளையும் 12ஆம் வகுப்புக்குப் போய்த் தொழிற்பாடம் படிக்கலாம். எல்லாப் பாடசாலையிலும் இந்தப் பிரிவு இல்லை. எந்தப் பாடசாலையில் இருக்கிறது என்று உங்கள் வலயக் கல்விப் பணிமனையில் நேரே போய்க் கேளுங்கள். துணுக்காயோ முல்லைத்தீவோ வவுனியா வடக்கோ, போய்க் கேட்டால்தான் பதில் வரும்.

பாடசாலையே வேண்டாம் என்கிற பிள்ளைக்குத் தேசிய தொழில் தகைமை இருக்கிறது. என்.வி.கியூ என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். இதில் ஏழு மட்டம். நான்காம் மட்டம் வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். உயர்தரம் படிக்காத பிள்ளையும் இந்த ஏணியில் ஏறி இரத்மலானையில் உள்ள தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகம் வரை போகலாம். இதை நான் கூட்டங்களில் சொல்லும்போது பெற்றோர் முகத்தில் ஒரு சந்தேகம் வரும். நம்புங்கள், 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் அந்தப் பல்கலைக்கழகத்தை உருவாக்கியதே இந்தப் பாதைக்காகத்தான்.

எங்கே படிப்பது? கிளிநொச்சி அறிவியல் நகரில், பொறியியல் பீடத்துக்கு அண்மையில், ஜேர்மன் உதவியோடு கட்டி 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. வாகனம், கட்டுமானம், மின், உணவுத் தொழில்நுட்பம் என்று பட்டறையில் நின்று பழகும் படிப்பு. வவுனியாவில் தொழில்நுட்பக் கல்லூரி. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்களில் ஒன்பதாம் பத்தாம் வகுப்போடு நின்ற பிள்ளைக்கும் சேரக்கூடிய பயிற்சிகள் உண்டு. வகுப்பறையே ஒத்துவராத பிள்ளைக்கு நைற்றா எனப்படும் தேசிய பயிலுநர், கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபை: கராஜிலோ வேலைத்தலத்திலோ ஒரு பாஸுக்குக் கீழே பயிலுநராய் நின்று பழகி, பிறகு தகைமைக்குப் போவது. தனியார் நிலையம் என்றால் காசு கட்டுமுன் ஒன்றே ஒன்று பாருங்கள்: மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் நிலையம் பதியப்பட்டு, அந்தப் பயிற்சிக்கு அங்கீகாரமும் இருக்கிறதா? இல்லையென்றால் அவர்கள் தரும் அழகான சான்றிதழால் ஒரு பயனும் இல்லை.

ஏற்கெனவே வேலைக்கு இறங்கிவிட்ட மூத்த பிள்ளை வீட்டில் இருந்தால், அவனையும் கைவிட வேண்டாம். வருடக்கணக்காய் வயரிங் செய்தவன், ஓட்டு வேலை செய்தவன், தையல் தைத்தவள் யாராயினும், முன்னனுபவத்தைக் காட்டி என்.வி.கியூ எடுக்கலாம். மதிப்பீட்டாளர் வேலையைப் பார்ப்பார், கேள்வி கேட்பார். அதற்கு இன்றே ஒரு கொப்பி வாங்கிக் கொடுங்கள். எந்தத் திகதி, யார் வீட்டில், என்ன வேலை என்று எழுதட்டும், செய்து முடித்ததைப் போனில் படமெடுத்து வைக்கட்டும். வெளிநாட்டுக்குப் போகிற எண்ணம் இருந்தால் இந்தச் சான்றிதழோடு போவதற்கும் வெறுங்கையோடு போவதற்கும் சம்பளத்தில் தெரியும் வித்தியாசம். முகவர் யாராயினும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் அனுமதிப்பத்திரம் உண்டா என்று பார்க்காமல் கடவுச்சீட்டைக் கையில் கொடுக்க வேண்டாம்.

பெண்பிள்ளைக்கு மட்டும் ஏன் தையலும் கேக் ஐசிங்கும்? அவை நல்ல தொழில்கள்தான், விருப்பமிருந்தால் படிக்கட்டும். ஆனால் கைபேசி திருத்துவதும் வீட்டு மின்வேலையும் உணவுப் பதனிடலும் அவளுக்கும் திறந்திருக்கின்றன. பெறுபேறு சரியில்லை என்றவுடன் கலியாணப் பேச்சைத் தொடங்கும் வீடுகளை எனக்குத் தெரியும். பதினாறு வயதுப் பிள்ளை அது. தயவுசெய்து வேண்டாம்.

இனி ஆவணங்கள். இங்கேதான் நம் பிள்ளைகள் தடுக்கி விழுகிறார்கள். இம்முறை பெறுபேறு பார்த்தவர்களில் பெரும்பாலானோர் 2008இல் பிறந்தவர்கள். முள்ளிவாய்க்காலைக் கைக்குழந்தைகளாய்த் தாயின் இடுப்பில் கடந்தவர்கள் அவர்களில் எத்தனை பேர்! அந்த ஓட்டத்தில் கடதாசியை யார் பார்த்தார்கள்? பிறப்புப் பதிவு எங்கே நடந்தது என்று தெரிந்துகொண்டு, பிரதேச செயலகத்தில் பிரதி கேட்க வேண்டும். வீடு கிளிநொச்சியில் இருந்தாலும், பதிவு வேறு மாவட்டத்தில் இருக்கலாம். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம், பெறுபேறு நான்கிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இன்று இரவே விளக்கடியில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் ஒரு எழுத்து பிசகினால் திருத்தக் கிழமைகள் போகும். மடுத் திருவிழாவுக்குப் போகுமுன் இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

கணக்கைத் திரும்ப எழுதட்டும். தனிப்பட்ட பரீட்சார்த்தியாய் எழுதலாம், ஒரு எஸ் கிடைத்தாலே பின்னால் பல கதவு திறக்கும். ஆனால் அதற்காக ஒரு வருடம் முழுவதும் ரியூசனில் மட்டும் இருத்தாதீர்கள். பகலில் பயிற்சி, மாலையில் கணக்கு. நீளம், பரப்பு, வீதம் எல்லாம் பட்டறையில் கையால் அளந்த பிறகு புத்தகத்தில் விளங்குவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

உங்கள் பிரதேச செயலகத்தில் தொழிற்பயிற்சிக்குப் பொறுப்பான உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். வருகிற கிழமையே போங்கள், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போங்கள். மேசைக்கு முன்னால் ஒரு கதிரைதான் இருந்தால் அதில் பிள்ளையை இருத்துங்கள். என்ன விருப்பம் என்று அவர் கேட்கும்போது நீங்கள் வாய் திறக்க வேண்டாம். பதில் சொல்ல அவனுக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.