நீரிழிவும் நம் காய்கறிக் கூடையும்

உடலுழைப்பாளிக்கு நீரிழிவு வாராது என்று முன்னாளில் பலர் எண்ணினர். அவ்வெண்ணம் பொய்த்துவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடைபெற்று 2023-இல் வெளிவந்த ஆய்வு, நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டெனக் கணக்கிட்டது. தறிக் குடும்பங்களும் உழவுக் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல. ஆதலின் உணவிலும் மூலிகையிலும் எதைக் கொள்வது, எதைத் தள்ளுவது என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

நோயின் இயல்பு

நாம் உண்ணும் சோறும் கூழும் வயிற்றில் சர்க்கரையாக மாறி இரத்தத்திற் சேர்கின்றன. அதனை உடலின் தசைகளுக்குள் செலுத்துவது கணையத்தில் சுரக்கும் இன்சுலின். அச்சுரப்புக் குறைந்தாலும், அதன் செயல் மந்தப்பட்டாலும், சர்க்கரை இரத்தத்திலேயே தேங்குகிறது. அவ்வாறு பல்லாண்டு தேங்குமாயின் கண், சிறுநீரகம், நரம்பு, கால் ஆகியன கெடும். சில நாள் மருந்துண்டு தீர்த்துவிடும் காய்ச்சல் போன்றதன்று இது. சங்கத்தின் கடன் பேரேட்டைப் போல, இடைவிடாது பார்த்துவர வேண்டிய கணக்கு.

காய்களைத் தேர்ந்தெடுத்தல்

காய்கறிகளை இரு பிரிவாகக் கொள்க. கீரை வகைகள், அவரை, கொத்தவரை, வெண்டை, கத்தரி, புடல், பீர்க்கு, சுரை, பாகல், முருங்கை, வாழைத்தண்டு, வாழைப்பூ ஆகியவை முதற் பிரிவு. இவற்றில் மாவுச்சத்துக் குறைவு; நார் உண்டு. இவற்றைத் தாராளமாக உண்ணலாம். உருளை, சேனை, சேப்பங்கிழங்கு, மரவள்ளி, சர்க்கரைவள்ளி, வாழைக்காய் ஆகியவை இரண்டாம் பிரிவு. இவை காய் என்னும் பெயரில் வரும் சோறே. இவற்றை உண்ணும் நாளில் அந்த அளவுக்குச் சோற்றைக் குறைத்தல் வேண்டும்.

உண்கலத்தில் பாதி முதற் பிரிவுக் காய். கால் பங்கு சோறு அல்லது களி. கால் பங்கு பருப்பு, பயறு, முட்டை, மீன் இவற்றுள் ஒன்று. இவ்வளவே சூத்திரம். ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு நெறிமுறை, பொதுவாக வளர்ந்தவர் ஒருவருக்கு நாளொன்றுக்குக் கீரை உட்பட 400 கிராம் காய்கறி வேண்டுமென்கிறது. குழம்பில் மிதக்கும் நான்கு துண்டுகள் இக்கணக்கை நிரப்பமாட்டா.

இரண்டு மயக்கங்களை இங்கே களைதல் நன்று. கேழ்வரகை எவ்வளவு உண்டாலும் தீங்கில்லை என்பர். 100 கிராம் அரிசியில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து; கேழ்வரகில் ஏறத்தாழ 67 கிராம். நார் மிகுதியென்பது உண்மை. ஆனால் அளவு இதற்கும் உண்டு. கருப்பட்டியும் தேனும் இயற்கைப் பொருள்கள். ஆதலின் கேடில்லை என்பது மற்றொரு மயக்கம். அவையும் சர்க்கரையை உயர்த்தவே செய்யும்.

மூலிகைகள்

வெந்தயத்தின் நார், சர்க்கரை இரத்தத்திற் சேரும் விரைவைச் சற்றே தணிக்குமெனச் சிறு ஆய்வுகள் காட்டுகின்றன. பாகற்காய் நல்ல கறி. ஆயினும் அதனை மருந்தாக நம்பப் போதிய சான்றில்லை என்று, சோதனைகளைத் தொகுத்து 2012-இல் ஆராய்ந்தோர் முடிவு கூறினர். சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் நாவில் சிறிது நேரம் இனிப்புத் தெரியாது. அதனால் இரத்தத்திலும் சர்க்கரை அற்றுப்போயிற்றென்று கொள்ளலாகாது.

மூலிகையை நாம் இகழவில்லை. இன்று பெரிதும் வழங்கும் மெட்பார்மின் மாத்திரையின் வரலாறே ஒரு செடியில் தொடங்கியது. ஐரோப்பாவின் காலிகா என்னும் செடியில் சர்க்கரையைக் குறைக்கும் பொருள் இருந்தது, நஞ்சும் உடனிருந்தது. அதனை ஒத்த, தீங்கு குறைந்த பொருளை வேதியியலார் ஆக்கினர். 1957-இல் பிரான்சு நாட்டு மருத்துவர் ழான் ஸ்டேர்ன் அதனை நோயாளிகளுக்குக் கொடுத்த பயனை வெளியிட்டார். செடியின் குணத்தோடு அளவும் சோதனையும் சேர்ந்தபோதே அது நம்பத்தக்க மருந்தாயிற்று.

எனவே கசாயத்தை நம்பி மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்துதல் பெருங்கேடு. மருத்துவர் அறியாமல் இரண்டையும் சேர்த்துக் கொள்வதும் ஆபத்தே. சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடக்கூடும். வியர்வை, நடுக்கம், மிகுபசி, தடுமாற்றம் ஆகியவை அதன் குறிகள். 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 70 மில்லிகிராமுக்குக் குறைந்தால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரிற் கரைத்துப் பருகுக. 15 நிமிடம் கழித்தும் தெளியாவிடில் மீண்டும் பருகுக. நினைவிழந்தவருக்கு வாய்வழி எதுவும் புகட்டாமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

சிறுநீரகம் பழுதுற்றோருக்குக் கீரையிலும் வாழைத்தண்டிலும் உள்ள பொட்டாசியம் தீங்காகலாம். அவர்கள் இப்பட்டியலைத் தாமே கைக்கொள்ளாது, மருத்துவரைக் கேட்டே உண்ணல் வேண்டும்.

காலைக் காத்தல்

குழித்தறியில் மிதியை மிதிக்கும் காலும், சேற்றில் வெறுங்காலாய் நடக்கும் காலும் இந்நோயில் உணர்விழக்கும். முள் தைத்ததும் தெரியாது. புண் முற்றிய பின்னரே தெரியும். இரவுதோறும் உள்ளங்காலை விளக்கொளியில் பார்த்தல் எந்த மூலிகையிலும் மேலான காப்பு.

சங்கத்தின் கடமை

காய் விளைவிப்போர் நல்லவற்றைச் சந்தைக்கு அனுப்பிவிட்டு ரசஞ்சோறு உண்கின்றனர். நெய்வோரோ, கூலி வாராத வாரத்தில் முதலில் காய்கறியையே குறைக்கின்றனர். ஒருவரிடம் விலைபோகாத காய். மற்றவரிடம் காயில்லாத அடுப்பு. இரு திறத்தாரும் ஒரே சங்கத்தில் இருக்கும்போது இவ்விடைவெளி ஏன்? வாரம் இருமுறை விளைவிப்போரின் கீரையையும் காயையும் சங்கக் கட்டிடத்தில் நியாய விலைக்குப் பகிர்ந்தளிக்கலாம். விலையைக் கூலிக் கணக்கில் வரவு வைக்கலாம். இதற்குப் பெருமுதல் வேண்டியதில்லை.

அடுத்த கூட்டத்தில் அங்கத்தினர் இம்மூன்றையும் கலந்து பேசுக:

1. நம் வீட்டு உண்கலத்தில் காய் எத்தனை பங்கு?
2. நம்முள் 30 வயது கடந்தோர் எத்தனை பேர் இவ்வாண்டு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்தம் சோதித்தனர்?
3. காய்ப் பகிர்வை எந்தக் கிழமையில் தொடங்கலாம்?