ஐந்து முகத்து முழவு

மேலைநாட்டுப் பேராலயங்களில் உள்ள குழாய் ஆர்கனைப் பற்றி நாம் இயற்பியல் வகுப்பில் படிக்கிறோம். நீண்ட குழாய் தாழ்ந்த சுருதியும், குறுகிய குழாய் உயர்ந்த சுருதியும் தரும் என்று தேர்வில் எழுதுகிறோம். வழிபாட்டுக்கென்றே செய்யப்பெற்ற, பல குரல் கொண்ட பெருங்கருவி ஒன்று நம் அருகிலும் உண்டு. அதுவே பஞ்சமுக வாத்தியம். திருவாரூர், திருத்துறைப்பூண்டி ஆகிய இரண்டு ஊர்க் கோயில்களோடு சேர்த்தே இசைநூலார் இதனைக் குறிப்பர். பழம் பாடல்களில் வரும் குடமுழாவின் வழிவந்தது இது என்பாரும் உளர்.

வெண்கலத்தில் வார்த்த பெரிய குடம். அதன் மேற்புறத்தில் ஐந்து வாய்கள். நடுவாய் பெரியது, மற்ற நான்கும் அதைச் சூழ்ந்தவை. ஒவ்வொன்றிலும் தோல் இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். சத்யோஜாதம், வாமதேவம், அகோரம், தத்புருஷம், ஈசானம் என்னும் சிவனின் ஐந்து முகங்களை இவை குறிக்கும்.

திருவாரூர்க் கருவியின் வேலைப்பாடு சிறப்பானது. ஒரு வாயைப் பாம்பு சுற்றியிருக்கும், ஒன்றில் சுவஸ்திகம், ஒன்றில் தாமரை, ஒன்று அணியின்றி விடப்பட்டிருக்கும். இவை வெறும் அழகுக்காக மட்டும் அமைந்தவை அல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. ஒவ்வொரு வாய்க்கும் தனி அடையாளம் தந்துவிட்டான் சிற்பி.

இனி ஒலியைக் காண்போம். தோல் அகன்றால் சுருதி தாழும். இறுக்கம் மிகுந்தால் உயரும். ஆகவே ஐந்து வாய்களிலும் வெவ்வேறு ஒலி எழுப்பலாம். ஆர்கனில் குழாய்தோறும் காற்றுத் தம்பம் தனித்தனி. இங்கோ ஐந்து தோல்களுக்கும் உள்ளிருக்கும் காற்று ஒன்றே. ஒன்றைத் தட்டினால் அக்காற்றின் வழியே மற்றவையும் சிறிது அதிரும். நாதம் நிறைந்து ஒலிப்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

இதனை வாசிக்கும் உரிமை பரம்பரையாகப் பாரசைவர் மரபினருக்கு உரியது. தந்தையின் கையைப் பார்த்து மகன் கற்ற வித்தை இது. இன்று இதனை அறிந்தோர் மிகச் சிலரே. வெண்கலம் நூற்றாண்டுகள் நிற்கும். தோலை மாற்றிக் கட்டலாம். ஆனால் எந்தச் சொல்லுக்கு எந்த முகம், எந்தப் பூசைக்கு எந்த நடை என்னும் அறிவு கையோடு போய்விட்டால், எஞ்சுவது ஊமைக் குடம்தானே?

தமிழ்த்துறையினர் சொற்கட்டுகளை எழுதிக்கொள்ளலாம். இயற்பியல் துறையினர் ஒவ்வொரு முகத்தின் அதிர்வெண்ணையும் அளக்கலாம். வரலாற்றுத் துறையினர் வாசிப்போரின் நினைவுகளைப் பதிவு செய்யலாம். வாசிப்போரின் இசைவு பெற்று, அவர்களையே ஆசிரியர்களாகக் கொண்டு இதனைச் செய்தல் வேண்டும். நம் கல்லூரி இப்பணியை மேற்கொண்டால், அது பாடநூலில் இல்லாத நல்ல பாடமாக அமையும்.