ஓவிய மென்பொருளா, திரை வடிவமைப்புக் கருவியா? – ஆய்வகத்தில் எதைத் திறப்பது?

உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் எங்கள் பள்ளியின் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்கு வாரம் ஒரு பாடவேளை கிடைக்கிறது. மாணவர்கள் வந்து அமர்ந்து, கணினிகள் இயங்கத் தொடங்குவதற்குள் பத்து நிமிடம் போய்விடும். மீதமிருக்கும் அரை மணி நேரத்தில் எந்த மென்பொருளைத் திறப்பது என்பது சிறிய கேள்வி அல்ல. “வரையும் மென்பொருளும் செயலியின் திரையை வடிவமைக்கும் மென்பொருளும் ஒன்றுதானே சார்? இரண்டிலும் படம்தானே வருகிறது?” என்று சக ஆசிரியர்கள் என்னிடம் கேட்பதுண்டு. இரண்டும் ஒன்றல்ல என்பதை வகுப்பறை அனுபவத்தோடு இங்குப் பகிர்கிறேன்.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

கிரிட்டா, டக்ஸ் பெயின்ட் போன்றவை ஓவிய மென்பொருள்கள். இரண்டும் கட்டற்றவை, இலவசமானவை, நிறுவியபின் இணையம் இல்லாமலே இயங்குபவை. தொடக்க வகுப்புகளுக்கு டக்ஸ் பெயின்ட், உயர் வகுப்புகளுக்குக் கிரிட்டா பொருந்தும். இவற்றில் படம் என்பது வண்ணப் புள்ளிகளின் தொகுப்பு. ஏ4 தாளை அச்சுத் தரத்தில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என அமைத்தால், 2480 x 3508 என்ற கணக்கில் ஏறத்தாழ 87 லட்சம் புள்ளிகள் வரும். முழுவதும் வண்ணம் தீட்டிய ஓர் அடுக்குக்கே சுமார் 35 மெகாபைட் நினைவகம் தேவை. பத்து அடுக்குகள் சேர்ந்தால் பழைய கணினி திணறும். எனவே பயிற்சிக்கு 1200 x 800 அளவு போதும்.

ஃபிக்மா, பென்பாட் போன்றவை திரை வடிவமைப்புக் கருவிகள். இங்கே கட்டம், எழுத்து, பொத்தான் ஆகியவை தனித்தனிப் பொருள்களாக இருக்கும். எப்போது வேண்டுமானாலும் நகர்த்தலாம், அளவை மாற்றலாம். ஒரு பொத்தானை அழுத்தினால் எந்தத் திரை வரவேண்டும் என்று இணைப்பும் கொடுக்கலாம். நிரல் எழுதும் முன்பே செயலியை ‘ஓட்டிப்’ பார்க்க முடிவது இதன் சிறப்பு. இவை உலாவி வழியே இயங்குவதால் இணையம் தேவை.

சுருங்கச் சொன்னால், ஓவியம் பார்ப்பதற்கு. மாதிரித் திரை பயன்படுத்திப் பார்ப்பதற்கு.

ஒரு கேள்வி போதும்

ஒன்பதாம் வகுப்பில் ‘நம் பள்ளி நூலகத்துக்கு ஒரு செயலி’ என்ற செயல்பாட்டைக் கொடுத்தேன். நன்றாக வரையும் மாணவி ஒருத்தி, “முதல் திரையைக் கிரிட்டாவில் வரையட்டுமா சார்?” என்று கேட்டாள்.

“வரையலாம். புத்தகத்தின் பெயரைத் தொட்டால் என்ன வரும்?”

“அதுக்கு இன்னொரு படம் வரையணும்.”

“அந்தப் புத்தகத்தை வேறொருவர் எடுத்துப் போயிருந்தால்?”

கொஞ்சம் யோசித்தாள். “அப்போ முதல்ல எது எதுக்குப் போகும்னு எழுதிக்கணும் சார்” என்றாள்.

அந்தப் பதில்தான் இந்தப் பாடத்தின் மையக்கருத்து. ‘தொட்டால் என்ன ஆகும்?’ என்ற கேள்விக்கு இடமிருந்தால் திரை வடிவமைப்பு, இல்லையென்றால் ஓவியம்.

முதலில் தாள், பிறகு கணினி

இணையம் சீராக இல்லாத பள்ளிகளிலும் இதைச் செய்யலாம். நாங்கள் பின்பற்றிய படிகள்:

1. ஒரு திரைக்கு ஒரு அரைத்தாள். பென்சிலால் கட்டங்களும் சொற்களும் மட்டும், வண்ணம் வேண்டாம்.

2. மூவர் குழு. ஒருவர் பயனர், விரலால் தாளைத் தொடுவார். மற்றொருவர் ‘கணினி’, அதற்குரிய அடுத்த தாளை எடுத்து வைப்பார். மூன்றாமவர் பயனர் எங்கே தயங்குகிறார் என்று குறிப்பெடுப்பார். யாரும் பயனருக்கு விளக்கம் சொல்லக்கூடாது.

3. திருத்திய திரைகளை லிப்ரே ஆபீஸ் இம்ப்ரெஸ்ஸில், திரைக்கு ஒரு ஸ்லைடாக அமைத்தல். பொத்தான் வடிவத்தின் மீது வலச்சொடுக்கி, ‘இன்டராக்‌ஷன்’ என்பதில் செல்லவேண்டிய ஸ்லைடைக் குறிக்கலாம். பின்னணியைச் சொடுக்கினால் ஸ்லைடு மாறும் வசதியை ‘ஸ்லைடு ஷோ செட்டிங்ஸ்’ பகுதியில் நீக்கிவிடவேண்டும்.

இரண்டாம் படிக்கு ஆறாம் வகுப்பு மாணவர்களை அழைத்தோம். தேடுவதற்கு எங்கள் மாணவர்கள் பூதக்கண்ணாடிப் படம் மட்டும் போட்டிருந்தார்கள். ஒரு சிறுவன் அதைப் பார்த்து, “இது கரண்டியாண்ணே?” என்று கேட்டான். சிரிப்பு அடங்கியதும், “அவனுக்குப் புரியவில்லை என்றால் யார் மாறவேண்டும், அவனா, நம் திரையா?” என்று கேட்டேன். படத்தின் அருகில் ‘புத்தகம் தேடு’ என்ற சொற்கள் ஏறின. பிறர் இடத்தில் நின்று பார்க்கும் இந்தப் பழக்கம் எந்தப் பாடத்துக்கும் உதவும்.

ஓவியத்தை ஒதுக்க வேண்டாம்

அதற்காக ஓவிய மென்பொருள் இரண்டாம் தரம் என்று ஆகாது. ஒளி, நிழல், வண்ணக்கலவை, கதைமாந்தரின் முகபாவம் இவற்றைக் கற்பிக்கத் திரை வடிவமைப்புக் கருவி உதவாது. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். தாளில் அழகாகக் கோலம் வரையும் பிள்ளைக்கும் மவுஸைப் பிடித்தால் கோடு நடுங்கும். அது கருவியின் குறை. அதைப் பிள்ளை தன் குறையாக எடுத்துக்கொண்டு, ‘எனக்கு வரைய வராது’ என்று முடிவுகட்டிவிடக்கூடாது. தாளில் வரையச்சொல்லி, படமெடுத்துக் கிரிட்டாவில் கீழ் அடுக்காக வைத்து, அதை மங்கலாக்கி, மேல் அடுக்கில் வரையச் செய்யலாம். கோட்டைச் சீராக்கும் ‘ஸ்டெபிலைசர்’ வசதியும் தூரிகைக் கருவிக்கான ‘டூல் ஆப்ஷன்ஸ்’ பகுதியில் உண்டு.

எங்கள் நூலகச் செயலியில் இரண்டும் சேர்ந்தன. அந்த மாணவி கிரிட்டாவில் தீட்டிய ஆந்தைப் படம் பிஎன்ஜி கோப்பாக முகப்புத் திரையில் இடம்பெற்றது. வரைவதில் ஆர்வமில்லாத இரண்டு மாணவர்கள் எந்தத் திரையிலிருந்து எந்தத் திரைக்குப் போவது என்ற வரைபடத்தைப் பிழையின்றி அமைத்தார்கள்.

மதிப்பீடு

இரண்டையும் ஒரே அளவுகோலால் அளக்கக்கூடாது. ஓவியத்தில் அமைப்பு, வண்ணத்தேர்வு, சொந்தக் கற்பனை ஆகியவற்றைப் பார்க்கலாம். மாதிரித் திரையில் புதிய பயனர் உதவியின்றி வேலையை முடித்தாரா, திரும்பிச்செல்ல வழி உள்ளதா, சொற்கள் எளிமையாக உள்ளனவா என்று பார்க்கலாம். அழகில்லாத திரைக்கும் முழு மதிப்பெண் கிடைக்கலாம் என்பதை முன்பே சொல்லிவிட்டால், வரையத் தயங்கும் பிள்ளைகளும் முன்வருவார்கள்.

மென்பொருளின் பெயர் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். மாணவர் எதை உருவாக்கப்போகிறார், அது யாருக்காக என்பதை முதலில் முடிவு செய்வோம். அதற்கேற்ற கருவியைப் பிறகு திறப்போம். அடுத்த ஆய்வகப் பாடவேளைக்கு முன் சில அரைத்தாள்களோடு வகுப்பறையிலேயே தொடங்கிப் பாருங்கள்; கணினிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.