மேடையில் இடறி விழ யாருக்கு உரிமை?

சித்தூர், திருப்பதி வட்டாரத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மனுக்குப் பாரதத் திருவிழா எடுப்பார்கள். பகலில் பாரதக் கதை, இரவில் கூத்து. பாகாலா பக்கம் ரயில்வே பணியில் இருந்த காலத்தில் விடிய விடியப் பார்த்திருக்கிறேன். பெண் வேடமும் அங்கே ஆண்கள்தான் கட்டுவார்கள். திரௌபதியாக வருபவரைப் பார்த்து எவரும் சிரிப்பதில்லை, கைகூப்புகிறார்கள். ஆனால் கட்டியங்காரன் பெண்போல இடுப்பை ஒடித்து நாலடி நடந்தால் கூட்டமே குலுங்கும். சிரிப்பு சேலையில் இல்லை, நடையில் இருக்கிறது.

அப்படியானால் பெண்ணே அந்த நடையை நடந்து காட்டினால் என்ன?

விழுவது எளிதன்று. உடலின் எடை எந்தப் புள்ளியில் காலை விட்டு விலகுகிறது என்று கணக்காக அறிந்தவரே அடிபடாமல் விழ முடியும். ஆண் வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்வான். சேலையில் எட்டு வைப்பதே அளவானது. துணி சற்று விலகினால் சபை வேறு எதையோ பார்த்துச் சிரிக்கும். நம் நடிகைகளின் நகைச்சுவை பெரும்பாலும் குரலுக்கும் முகத்துக்கும் ஒதுங்கியதற்கு இதுவே காரணம் என்பது என் எண்ணம். தமிழ்நாட்டு ஸ்பெஷல் நாடகத்தில் பெண்கள் ராஜபார்ட்கூடப் போட்டிருக்கிறார்கள். பபூன் மட்டும் ஆண்தான்.

மனோரமா (1937–2015) இந்த வேலியை உள்ளிருந்தே அசைத்தவர். 'தில்லானா மோகனாம்பாள்' (1968) படத்தில் ஜில் ஜில் ரமாமணியாக அவர் ஆடுவதைக் கவனித்துப் பாருங்கள். தாளம் தப்பாமல் கோணலாக ஆடுவது, நன்றாக ஆடுவதைவிடக் கடினம். கோவை சரளா வேலியைத் தாண்டியே விட்டார். வடிவேலுவுடன் வந்த காட்சிகளில் அடிப்பவர் அவர், பறந்து விழுபவர் வடிவேலு. 'காஞ்சனா'வில் (2011) பேய்க்குப் பயந்த வளர்ந்த பிள்ளை அம்மா இடுப்பில் தாவி ஏறிக்கொள்கிறான். அந்த எடையைத் தாங்கி நிற்பதுதான் நகைச்சுவை, சுமப்பவர் சரளா. தெலுங்கு பேசும் எங்கள் அண்டை வீட்டாரும் இதற்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கூத்திலும் மாற்றம் வந்தது. காஞ்சிபுரம் அருகே பி. ராஜகோபாலும் ஹன்னே டி ப்ரூயினும் 2002-இல் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் சேர்ந்து பயின்றார்கள்.

அடுத்த பொங்கல் விழா நாடகத்தில் கட்டியங்காரன் வேடத்தை நம் சங்கத்துப் பெண் ஒருத்திக்குக் கொடுத்துப் பாருங்கள். சுடிதார் போதும். ஒத்திகைக்குப் பாயின் கீழே ஒரு மெத்தை, விழும்போது முகவாய் நெஞ்சோடு ஒட்டியிருக்க வேண்டும். "பொம்பளைப் பிள்ளைக்கு இது எதுக்கு?" என்று முதல் வரிசையிலிருந்து ஒரு குரல் வரும். அதற்குப் பதில் சொல்லும் வேலையைக் கட்டியங்காரியிடமே விட்டுவிடலாம்.