மூன்று கோட்டில் ஒரு தொழில்

 

டிராயிங் ஹாலில் ‘ஐ’ செக்ஷன் வரையாதவர் நம்மில் யாரும் இல்லை. மேலே ஒரு படுக்கைக் கோடு, கீழே ஒன்று, நடுவே ஒரு செங்குத்துக் கோடு. ஆங்கிலேயருக்கு அது ‘ஐ’ எழுத்து. சீனருக்கோ அது ‘குங்’ எழுத்து! ஆகவே ‘ஐ’ பீமை அவர்கள் ‘குங் எழுத்து எஃகு’ என்றே அழைக்கிறார்கள்.

சரி, ‘குங்’னா என்ன? வேலை, கைத்தொழில், தொழிலாளி – இத்தனையும் அந்த மூணு கோட்டுக்குள் அடக்கம். 3,000 ஆண்டுகளுக்கு முன் ஷாங் அரசர் காலத்தில் எலும்பிலும் ஆமையோட்டிலும் கீறிய எழுத்துக்களிலேயே இது உண்டு. கி.பி. 100-ல் ‘ஷுவோவென்’ அகராதியை எழுதி முடித்த ஷூ ஷென், கவராயமும் மூலைமட்டமும் ஏந்திய மனிதனின் வடிவம் இது என்றார். கோடரி போன்ற கருவி என்பாரும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் இது உழைப்பவன் கைக்கருவிதான்!

இதனுடன் ‘வலிமை’ எழுத்தைச் சேர்த்தால் ‘சாதனை’ என்ற எழுத்து. ‘மனிதன்’ சேர்ந்தால் ‘குங்ரென்’, அதாவது தொழிலாளி. நாம் படிக்கும் என்ஜினீயரிங்கோ ‘குங்செங்’.

ஆனால் இந்த எழுத்துக்குக் கிடைத்த மரியாதை ஏறி இறங்கியே வந்துள்ளது. பழைய சீனத்தில் அறிஞர், உழவர், கைவினைஞர், வணிகர் என்று வரிசை. நம்மாளுக்கு மூன்றாம் இடம். அதே நாட்டில் 2,000 ஆண்டுகளுக்கும் முற்பட்ட ‘காவோ குங் ஜி’ நூல், நாட்டுக்கு வேண்டிய ஆறு பணிகளில் கைவினைஞர் பணியும் ஒன்று என்றது. வண்டிச் சக்கரம், வில், மணி செய்யும் முறைகளோடு, வெண்கலத்தில் தகரம் சேர்க்க ஆறு விகிதங்களையும் அது தருகிறது. நம் மெட்டலர்ஜி பாடமேதான்!

1954-ல் வந்த சீன அரசியல் சட்டம் முதல் விதியிலேயே தொழிலாளி வர்க்கத்துக்குத் தலைமை தந்தது. ஆனாலும் கிராமத்திலிருந்து பிழைக்க வந்து நகரங்களைக் கட்டிய ‘நோங்மின்குங்’, அதாவது உழவர்-தொழிலாளிகள் பலருக்கு, ஊர்ப் பதிவு முறையால் நகரப் பள்ளியிலும் மருத்துவத்திலும் சம உரிமை கிட்டவில்லை. எழுத்துக்கு உயர்வு கொடுத்தால் போதுமா? எழுப்பியவனுக்கும் வேண்டாமா?

எங்க குடும்பத்தில் காலேஜ் படியேறிய முதல் ஆள் நான். அப்பா தச்சர். அவர் கையில் மூலைமட்டம், என் கையில் செட் ஸ்கொயர். இரண்டுக்கும் அதே 90 டிகிரிதான்!

நண்பர்களே! நாளை நாமும் சூப்பர்வைசர் ஆவோம். அன்று நம் கீழே வேலை பார்ப்பவரை ‘ஏய்’ என்று கூப்பிடாமல், பெயர் சொல்லி ‘வாங்க’ என்போம். டிப்ளமோவுக்கு அதுவே பெருமை!

உழைப்பை மதிப்போம்! உயர்வோம்!

– இரண்டாமாண்டு, சிவில் பிரிவு